சுதுமலைக்குப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும்

அண்மையில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காக மானிப்பாய்ப் பக்கம் போயிருந்தேன். மறுநாட் காலையில் சந்தியடித் தேநீர்க்கடையில் நின்றபோது, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்கரியரில் கட்டியிருந்த பெட்டியிலிருந்து இடியப்பத்தை எண்ணிக் கடைக்காரரிடம் கொடுத்தார். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. காசை வாங்கிக்கொண்டு திரும்பியவர் என்னைப் பார்த்து நின்றார்.

"சேர், என்னைத் தெரியேல்லையோ?"

எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்வதற்கு ஒரு கணம் பிடித்தது. அவர் சிரித்துவிட்டு, "சுகமா இருக்கிறியள்தானே" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அவரை எனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வேறொரு கதை சொல்லவேண்டும்.

அந்தக் கடையிலிருந்து சுதுமலை அம்மன் கோயில் தூரமில்லை. கால்கள் தாமாகவே அங்கே போயின. கோயில் முன்றிலில் நின்று சுற்றிப் பார்த்தேன். 1987ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி மாலை, க.பொ.த. உயர்தர மாணவனாக, நண்பர்கள் இருவருடன் சைக்கிளில் வந்து இறங்கி, நெரிசலுக்குள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்த இடம் இது.

இளைய வாசகர்களுக்காக அந்த நாள்களைச் சற்று நினைவூட்டுகிறேன். அவ்வாண்டு மே மாதம் 26ஆம் திகதி வடமராட்சியில் இராணுவம் பெரும் படையெடுப்பைத் தொடங்கியது. ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார்கள். மறுநாள் அதே கொழும்பில், அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டிருந்த ராஜீவைக் கடற்படைச் சிப்பாய் ஒருவன் துவக்குப் பிடியால் அடித்தான். ஒப்பந்தம் எழுதப்பட்ட வேளையில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் டில்லியில் ஒரு விடுதியில் வைக்கப்பட்டிருந்தார். ஜூலை இறுதியில் அவரை ஏற்றிச்சென்ற இந்திய ஹெலிகொப்டர் வந்திறங்கியதும் இதே சுதுமலையில்தான். ஓகஸ்ட் 2ஆம் திகதி அவர் யாழ்ப்பாணம் திரும்பினார். இரண்டு நாள் கழித்து மக்கள் முன் தோன்றினார்.

அதுவரை அவரைப் படத்தில் மட்டுமே கண்டிருந்த மக்கள் அவர்கள். பல்லாயிரக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். மதிலிலும் மரத்திலும் லொறிக் கூரையிலும் மனிதர்கள். எனக்கு முன்னால் நின்ற முதிய அம்மா ஒருவர், அருகிலிருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்து அழுதுகொண்டேயிருந்தார். அவர் யாருக்காக அழுதார் என்று எனக்குத் தெரியாது. அந்த வயதில் அதைக் கேட்கவும் தோன்றவில்லை.

அவர் பேசியதன் சாரம் பலருக்கும் நினைவிருக்கும். இந்த ஒப்பந்தம் எம்மைக் கேட்டுச் செய்யப்பட்டதன்று. ஒரு வல்லரசை எதிர்த்து நிற்க எம்மால் இயலாது. எம் மக்களைக் காக்கும் பொறுப்பை இந்தியாவிடம் ஒப்படைத்து ஆயுதங்களைக் கையளிக்கிறோம். ஆனால் இது நிலையான தீர்வைத் தரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. இதுதான் அவர் சொன்னது. இப்போது நினைத்துப் பார்த்தால், அது வெற்றி விழாவில் பேசும் பேச்சே அன்று. இக்கட்டில் மாட்டுப்பட்ட ஒருவரின் பேச்சு. ஆயினும் நாங்கள் வெற்றி விழாவுக்கு வந்தவர்களைப் போலவே கைதட்டினோம். ஆயுதத்தைக் கொடுக்கிறோம் என்றபோதும் தட்டினோம். நம்பிக்கை இல்லை என்றபோதும் தட்டினோம். சொல்லப்பட்டது எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை. கண்கள் மட்டுமே வேலை செய்தன.

வேறொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்த மேடையில் ஒருவரே நின்றார் என்றால், மற்றவர்கள் நிற்பதற்கு இல்லாமற் போனதும் அதற்கொரு காரணம். 1986 மே மாதம் ரெலோ தலைவர் சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் ஈ.பி.ஆர்.எல்.எப். இயக்கமும் யாழ்ப்பாணத்தில் இயங்க முடியாதவாறு ஒடுக்கப்பட்டது. அந்த இயக்கங்களிலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். சுதுமலையில் கூடிய எங்களில் எத்தனை பேர் அதை நினைத்தோம்?

இரவு வீடு திரும்பியபோது ஓய்வுபெற்ற ஆசிரியரான என் தகப்பனார் திண்ணையில் இருந்தார். அவர் வரவில்லை. நான் கண்டதையெல்லாம் மூச்சு விடாமற் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கை தட்டுறது சுகம் தம்பி. பிறகு ஆர் கணக்குப் பாக்கிறது?" என்றார். வயதானவர்களுக்கு எதிலும் குறை காணாவிட்டால் நித்திரை வராது என்று எண்ணிக்கொண்டு படுக்கப் போனேன்.

அந்த மகிழ்ச்சி அறுபத்தேழு நாள்கள் நின்றது. ஓகஸ்ட் 5ஆம் திகதி பலாலியில் ஆயுதக் கையளிப்பு. வீதிகளில் வந்த இந்தியச் சிப்பாய்களுக்கும் நாங்கள் மாலை போட்டோம். செப்டெம்பர் 15ஆம் திகதி நல்லூரில் திலீபன் நீரும் அருந்தாமல் உண்ணாநோன்பு தொடங்கினார். 26ஆம் திகதி உயிர் நீத்தார். ஒக்டோபர் 5ஆம் திகதி பலாலியில் தடுத்து வைக்கப்பட்டிருந்த குமரப்பா, புலேந்திரன் உட்படப் பன்னிருவர் சயனைட் அருந்தி மடிந்தார்கள். 10ஆம் திகதி இந்தியப் படையுடன் போர் மூண்டது. அன்று 'ஈழமுரசு', 'முரசொலி' ஆகிய நாளேடுகளின் அச்சகங்கள் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டன. தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் வைத்தியர்களும் தாதியரும் நோயாளருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சுதுமலைக்கு என்னுடன் வந்த நண்பர்கள் இருவரில் ஒருவன் அந்தக் கார்த்திகையில் இயக்கத்துக்குப் போனான். திரும்பி வரவில்லை. அவனை அனுப்பியது அந்தப் பேச்சா, ஆஸ்பத்திரிப் படுகொலையா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? ஆனால் அந்த மாலையில் எங்கள் கைதட்டலையும் அவன் கேட்டிருந்தான். அதை மட்டும் நான் நிச்சயமாகச் சொல்வேன்.

இவ்விடத்தில் அமெரிக்க வரலாற்றில் நடந்த ஒரு திரும்பி வருகையைச் சொல்ல விரும்புகிறேன். நான் இப்பதிவில் எழுத வந்த பொருளை அது எனக்குத் தெளிவாக்கியது.

லஃபயெட் என்ற பிரெஞ்சுப் பிரபு 1777இல், இருபது வயதும் நிரம்பாத நிலையில், கடல் கடந்து போய் அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் கீழ்ப் போரிட்டவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின்னர், 1824 ஓகஸ்டில், ஜனாதிபதி மன்றோவின் அழைப்பின் பேரில் நாட்டின் விருந்தினராக மீண்டும் அங்கே போனார். அன்றிருந்த இருபத்து நான்கு மாநிலங்களுக்கும் பயணம் செய்தார். நகருக்கு நகர் தோரண வளைவுகள், பீரங்கி முழக்கம், விருந்துகள். அமெரிக்கக் காங்கிரஸ் அவருக்கு இரண்டு இலட்சம் டொலரும் பெருமளவு நிலமும் வழங்கியது.

அதே போரில் அதே பக்கத்தில் நின்று சண்டையிட்ட சாதாரணச் சிப்பாய்களின் நிலை என்ன? போர் முடிந்தபோது அவர்களுக்குச் சம்பளமாகக் கிடைத்த பத்திரங்கள் பல பெறுமதியற்றுப் போயிருந்தன. 1818ஆம் ஆண்டுச் சட்டம் வறிய முன்னாட் போர்வீரருக்கு ஓய்வூதியம் தந்தது. 1820இல் வந்த சட்டமோ, ஓய்வூதியம் பெறுபவர் தம்மிடமுள்ள சொத்து முழுவதையும் பட்டியலிட்டு வறுமையை மெய்ப்பிக்கவேண்டும் என்றது. கிழவர்கள் நீதிமன்றத்துக்குப் போய், தம்மிடம் எத்தனை பசு, எத்தனை சட்டி, எத்தனை கதிரை உள்ளன என்று சத்தியஞ் செய்து எழுதிக் கொடுத்தார்கள். வறுமையைக் காட்டத் தேவையில்லாத ஓய்வூதியம் 1832இல்தான் வந்தது. அதற்குள் பெரும்பாலானோர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

அந்தப் பயணத்தில் ஒரு காட்சி உண்டு. ஜேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ரிச்மண்ட் நகரம் 1824 ஒக்டோபரில் லஃபயெட்டை வரவேற்றது. கூட்டத்தின் நடுவே கறுப்பின முதியவர் ஒருவர் நின்றார். பெயர் ஜேம்ஸ். போரின்போது லஃபயெட்டுக்காகப் பிரித்தானியரின் பாசறைக்குள் புகுந்து உளவு பார்த்தவர். அப்போது அவர் ஓர் அடிமை. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அடிமையாகவே இருந்தவர். லஃபயெட் எழுதிக் கொடுத்த நற்சான்றிதழின் துணையோடு 1787இல்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது. நன்றிக்காக லஃபயெட் என்பதையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ரிச்மண்ட் கூட்டத்தில் அவரை அடையாளங் கண்ட தளபதி, பெயர் சொல்லி அழைத்துக் கட்டித் தழுவிக்கொண்டார்.

நகரத்தார் கொண்டாடியது தளபதியை. தளபதிக்குத் தெரிந்தது அந்த முதியவரை. தம்மூர் மனிதர் ஒருவரை அடையாளங் காட்டுவதற்கு அந்த ஊருக்குக் கடல் கடந்து ஒருவர் வரவேண்டியிருந்தது.

அது அமெரிக்காவின் கதை, எங்களுடையது அப்படியன்று என்று யாரும் எண்ணவேண்டாம். 1908 மார்ச்சில் வ.உ.சிதம்பரம்பிள்ளை கைதானபோது தாமிரபரணிக் கரையிலுள்ள திருநெல்வேலி கொதித்தெழுந்தது. அரசாங்கக் கட்டடங்கள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். நான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு, 1912 டிசெம்பரில், கண்ணூர்ச் சிறையிலிருந்து அதே சிதம்பரனார் வெளியே வந்தார். சிறை வாசலில் சுப்பிரமணிய சிவாவும் விரல் விட்டு எண்ணத்தக்க சிலரும் மட்டுமே நின்றார்கள். கப்பல் ஓட்டியவர் பின்னர் சென்னையில் வயிற்றுப்பாட்டுக்காகச் சில்லறை வியாபாரம் பார்க்கவேண்டியிருந்தது. இன்று அவர் பெயரில் துறைமுகம் இருக்கிறது, சிலைகள் இருக்கின்றன.

இனி எங்கள் முற்றத்துக்கு வருகிறேன். 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழப் பன்னீராயிரம் பேர் சரணடைந்தும் பிடிபட்டும் புனர்வாழ்வு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் எல்லாரும் விரும்பிப் போனவர்களும் அல்லர். கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அவர்கள் தொகுதி தொகுதியாக விடுவிக்கப்பட்டார்கள். கையில் ஒரு சான்றிதழும் ஒரு பையும். பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கி, ஒழுங்கைக்குள் நடந்து, தம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். சுதுமலையில் கூடியவர்களில் ஒருவரும் அந்தச் சந்திகளில் காத்து நிற்கவில்லை.

காத்து நிற்காததைக்கூட மன்னிக்கலாம். படை நிறைந்த நாட்டில் யாருக்குத்தான் பயமில்லை? ஆனால் அதன் பின்னர் நாங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பயம் காரணமன்று. "மற்றவையெல்லாம் செத்துப்போச்சினம், நீ மட்டும் எப்பிடித் தப்பினாய்?" என்று கேட்டோம். பெண்பிள்ளை என்றால் முகாமில் என்ன நடந்தது என்று முதுகுக்குப் பின்னால் பேசினோம். கலியாணம் பேசி வந்த இடத்தில் "இயக்கத்தில இருந்ததாம்" என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்தோம். ஒருவன் வேலை கேட்டு வந்தால், சீ.ஐ.டி. வந்து கரைச்சல் தருவான் என்றோம். வராத இடத்திலும் அதையே சொன்னோம். 2015 பொதுத் தேர்தலில் ஜனநாயகப் போராளிகள் என்ற பெயரில் அவர்களிற் சிலர் சுயேச்சைக் குழுவாகப் போட்டியிட்டார்கள். ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. யாருக்கு வாக்களிப்பது என்பது மக்களின் உரிமை. அதில் நான் குறை காணவில்லை. ஆனால் அந்தத் தேர்தல் காலத்தில் அவர்களைப் பற்றி எங்கள் தேநீர்க் கடைகளில் பேசப்பட்ட பேச்சு என் காதில் இன்னும் நிற்கிறது.

இறந்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. ஒவ்வோராண்டும் நவம்பர் 27ஆம் திகதி மாலையில் தடையையும் மழையையும் பொருட்படுத்தாது விளக்கேற்றுகிறோம். அந்தத் தாய்மாரின் கண்ணீருக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். தலைவரைப் பற்றியும் பேசுகிறோம். போற்றியும் தூற்றியும் நாற்பது ஆண்டுகளாகப் பேசுகிறோம். அவரைப் பற்றிய தீர்ப்பு இப்பதிவின் பொருளன்று. நான் கேட்பது இதுதான். இறந்தவனுக்கு விளக்கு, மேடையில் நின்றவனுக்குக் கைதட்டல் என்றால், உயிரோடு படலையைத் திறந்துகொண்டு வந்தவனுக்கு என்ன? அவன் தோற்றுத் திரும்பினான் என்பதா அவன் குற்றம்? போரில் அவன் செய்த தவறுகள் இருக்குமானால் அவற்றுக்கு அவன் பதில் சொல்லட்டும். ஆனால் அவனைப் போகச் சொல்லிக் கைதட்டியவர்கள் எந்த முகத்தோடு அவனை விசாரிக்கிறார்கள்?

இப்போது இடியப்பக்காரப் பெண்ணுக்கு வருகிறேன். 2013ஆம் ஆண்டு ஒரு பிற்பகல், நான் செய்திப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த பத்திரிகை அலுவலகத்துக்கு அவர் வந்தார். கையெழுத்தில் அழகாக எழுதிய விண்ணப்பம் ஒன்றை நீட்டினார். வன்னியில் அச்சகம் ஒன்றில் வேலை செய்தவர். கணினியில் பக்கம் அமைக்கத் தெரியும். பிழை திருத்தத் தெரியும். மேசையில் கிடந்த எங்கள் பத்திரிகையின் முதற் பக்கத்தைப் பார்த்தவர், தயங்கித் தயங்கி, "சேர், இதில ஒரு ஒற்று விடுபட்டிருக்கு" என்று விரல் வைத்துக் காட்டினார். சரியாகவே காட்டினார். எங்களுக்கு அப்போது பிழை திருத்துநர் ஒருவர் தேவைப்பட்டார்.

தேநீர் கொடுத்து, அறிவிக்கிறேன் என்று சொல்லி, அவருடைய தொலைபேசி எண்ணை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். அறிவிக்கவில்லை. நிர்வாகத்திடம் பேசவுமில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் வந்து விசாரிக்கவில்லை. வரக்கூடும் என்று நானே எண்ணிக்கொண்டேன். என் பயத்துக்கு நானே காரணம் தேடிக் கொடுத்து, பிறகு அந்த விண்ணப்பத்தையும் எங்கோ வைத்துவிட்டேன். மனித உரிமை பற்றி அந்த வாரமும் தலையங்கத்துக்குக் குறிப்புகள் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேநீர்க்கடை வாசலில் அவர் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

பெரிய திட்டங்களை நான் முன்வைக்கப் போவதில்லை. என் தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்லலாம். சண்டை, விபத்து, தற்கொலை, கைது என்று எந்தச் செய்தி வந்தாலும், சம்பந்தப்பட்டவர் இயக்கத்தில் இருந்தவர் என்று தெரிந்தால் 'முன்னாள் போராளி' என்று தலைப்பிலே போடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. நானும் போட்டிருக்கிறேன். செய்திக்கு அது தேவையில்லாத இடத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிடும்படி சக பத்திரிகையாளர்களைக் கேட்கிறேன். விடுவிக்கப்பட்டு இத்தனை ஆண்டுகளான பின்னும் ஒருவரை ஊரார் அந்த ஒற்றைச் சொல்லாலேயே அறியவேண்டுமென்பதில்லை. அவர் தச்சராக இருக்கலாம், தாயாக இருக்கலாம், கடன்காரராகவும் இருக்கலாம்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஊர்க் கோயில் கோபுரத்துக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் நீங்கள் அனுப்பும் காசு வீண் என்று சொல்ல மாட்டேன். அடுத்த முறை ஊரோடு பேசும்போது, உங்கள் ஒழுங்கையில் யார் திரும்பி வந்தார், அவர் என்ன செய்கிறார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். செயற்கைக் கால் தேய்ந்து போயிருக்கும். உடலில் எடுக்கப்படாத குண்டுச் சிதறல் இருக்கும். பிள்ளை ஒன்று பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டுப் பணமில்லாமல் நிற்கும். ரிச்மண்ட் நகரத்தாரைப் போல, வெளியிலிருந்து ஒருவர் வந்து அடையாளங் காட்டும்வரை நாங்களும் காத்திருக்கலாகாது.

நான் ஊடகத்துறைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இப்போது என் கையில் வேலை கொடுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் ஒரு தொகுப்பு நூல் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பிழை பார்க்க ஆள் வேண்டும். சென்ற வாரம் மீண்டும் அந்தத் தேநீர்க்கடைக்குப் போய், இடியப்பம் வரும் நேரம்வரை நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்லுறன், சேர்" என்றார்.

நான் என் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை அழைப்பு வரவில்லை.